கைப்பிடி மாறினால் சைக்கிளே மாறும்!

"அண்ணே, இந்தக் கொம்பை எடுத்துட்டு நேர் பார் போட்டுக் கொடுங்க."

"கொம்பை எடுக்கிறது அஞ்சு நிமிஷ வேலை, தம்பி. பிரேக்கை எங்கே கொண்டுபோய் மாட்டுறது?"

ஸ்ரீராமபுரம், அல்சூர், சிவாஜிநகர் என்று பெங்களூரில் தமிழர்கள் வாழும் எந்தப் பக்கம் போனாலும், சைக்கிள் ரிப்பேர் கடை வாசலில் இப்படி ஒரு பேச்சு காதில் விழும். கேட்கிறவன் பெரும்பாலும் இருபது வயதுப் பையன். அவன் பிடித்துக்கொண்டு நிற்கும் வண்டி அவனுடையது அல்ல. அவன் அப்பாவுடையது.

வடஆற்காடு, தர்மபுரி, சேலம் பக்கங்களிலிருந்து பிழைப்புக்காக வந்து, ஆலையிலோ தொழிற்சாலையிலோ வேலைக்குச் சேர்ந்து, முதல் போனசில் அப்பா வாங்கிய 22 அங்குல கறுப்பு சைக்கிள் அது. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி. என்று தொழிற்சாலைகளின் சங்கு ஒலித்த காலத்தில், ஷிப்டு முடிந்து வாசல் திறந்தால் சைக்கிள்கள் வெள்ளமாக வெளியே வரும். அந்த வெள்ளத்தில் ஒரு துளி அது. இன்று அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். வண்டி மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது.

மகனுக்கு அதன்மேல் திடீரென்று ஆசை வந்துவிட்டது. ஒயிட்பீல்டு பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் கியர் இல்லாத, மட்கார்டு இல்லாத, ஒல்லியான சைக்கிளில் பறப்பதை அவன் பார்க்கிறான். அதற்கு நேரான கைப்பிடி. விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. "நம்ம வண்டியும் கியர் இல்லாத வண்டிதானே! கைப்பிடியை மட்டும் மாற்றிவிட்டால் போதாதா?" என்று நினைக்கிறான்.

நினைப்பில் தவறில்லை. ஆனால், "மட்டும்" என்று சொன்னானே, அங்கேதான் சிக்கல்.

பாதி கியர்

கியர் வைத்த வண்டியில் மேடு வந்தால் கியரைக் குறைத்துக்கொள்ளலாம். ஒரே பல்சக்கர வண்டியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நம் ஊர் ரோட்ஸ்டர் சைக்கிளில் பெடல் பக்கத்துச் சக்கரத்துக்கு 44 பல், பின்பக்க பிரீவீலுக்கு 18 பல் என்று வைத்துக்கொள்வோம். 28 அங்குலச் சக்கரம். பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி சுமார் 18 அடி நகரும். சமதரையானாலும் சரி, மேடானாலும் சரி, அதே 18 அடிதான். மேட்டில் மிதிக்க முடியாவிட்டால் எழுந்து நின்று மிதிக்க வேண்டும்.

எழுந்து நின்று மிதிக்கும்போது கால் மட்டுமா வேலை செய்கிறது? வலது கால் அழுத்தும்போது வலது கை கைப்பிடியைத் தன் பக்கம் இழுக்கிறது. அந்த இழுப்பு இல்லாவிட்டால் உடம்புதான் மேலே எழும்பும். பெடல் கீழே போகாது. ஆகவே, கியர் இல்லாத வண்டிக்குக் கைப்பிடிதான் பாதி கியர்!

பெங்களூர் சமதரை ஊரல்ல. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3 ஆயிரம் அடி உயரத்தில், ஏற்றமும் இறக்கமுமாகக் கிடக்கிற ஊர். சாங்கி ரோட்டில் வின்ட்சர் மேனர் பக்கத்து ஏற்றத்தில் மிதித்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சென்னையில் இருந்து மாற்றலாகி வந்த குமாஸ்தாக்கள் முதல் வாரத்திலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள்.

பழைய வளைந்த கைப்பிடியில் இந்த இடத்தில் ஒரு குறை உண்டு. அதன் பிடிகள் உட்கார்ந்திருப்பவரை நோக்கிப் பின்னால் வளைந்து வருகின்றன. எழுந்து நின்றால் முழங்கால் பிடியில் இடிக்கும். கைகளும் மிகவும் பின்னால் இருப்பதால் இழுக்க வாகாக இராது. நேர் கைப்பிடியில் கைகள் முன்னே போகின்றன. நின்று மிதிக்க இடம் கிடைக்கிறது. முன்னால் நீண்டு நிற்கும் மாட்டுக்கொம்புக் கைப்பிடி என்றால் இன்னும் வசதி. மகன் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அப்பா பக்கத்து நியாயம்

ஆனால் அந்த வளைந்த கைப்பிடி சும்மா வளைந்தது அல்ல. அதற்கு ஆங்கிலேயர்கள் வைத்த பெயர் "நார்த் ரோடு". இங்கிலாந்தில் லண்டனிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்டிய ஒரு சங்கத்தாரின் பெயரால் வந்தது. 1949-ல் சென்னையில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் கம்பெனியின் அம்பத்தூர் வண்டிகளானாலும், வடக்கே லூதியானா ஹீரோ வண்டிகளானாலும், கறுப்பு ரோட்ஸ்டர் என்றால் இந்தக் கைப்பிடிதான்.

இதில் உட்கார்ந்தால் முதுகு நிமிர்ந்து இருக்கும். உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி, ஒருவரோடு கைகுலுக்கப் போவதுபோல் இயல்பாக நீளும். உடம்பின் பாரம் முழுவதும் சீட்டில் இறங்கும். அதனால்தான் அந்தச் சீட்டுக்கு அத்தனை பெரிய ஸ்பிரிங்! எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்றுவிட்டு வருகிறவனுக்கு, குனிந்து பறப்பதைவிட நிமிர்ந்து உட்கார்ந்து வருவதுதான் ஓய்வு. தலை நிமிர்ந்திருப்பதால் சாலை தெரியும். பின்னால் கேரியரில் மனைவி, முன்னால் பாரில் குழந்தை, கைப்பிடியில் டிபன் கேரியர் என்று ஒரு குடும்பமே போகலாம். (டபுள்ஸ் போனால் போலீஸ்காரர் பிடித்தது வேறு கதை.)

நேர் கைப்பிடி போட்டால் கைகள் ஒரு சாண் அளவுக்கு முன்னே போய்விடும். ரோட்ஸ்டர் வண்டியின் சட்டமோ நீளமானது. சீட்டுக் குழாய் பின்னால் சாய்ந்தது. அது நிமிர்ந்து உட்காருவதற்காகவே அமைந்த சட்டம். அதில் நேர் பாரை மாட்டினால் ஓட்டுகிறவர் கட்டிலில் கிடப்பதுபோல் நீட்டிப் படுக்க வேண்டியதுதான். சீட்டில் இருந்த பாரத்தில் ஒரு பங்கு உள்ளங்கைக்கு வந்துவிடும். பத்து மைல் போனதும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் நரம்பு அழுத்தப்படுவதால் வருவது இது. சைக்கிள்காரர்களுக்கு வருகிற நோயாக டாக்டர்கள் இதைத் தனியாகவே குறித்து வைத்திருக்கிறார்கள்.

ஆகவே கைப்பிடியை முன்னே தள்ளினால், அதைத் தாங்கும் கழுத்துத் தண்டு குட்டையாக இருக்க வேண்டும். கைப்பிடியின் உயரம் சீட்டின் உயரத்துக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. ஓட்டும்போது முழங்கை விறைக்காமல் சற்றே மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். விறைத்து நின்றால் கைப்பிடி தூரமாக இருக்கிறது என்று அர்த்தம்.

கம்பி பிரேக்

இனி மெக்கானிக் கேட்ட கேள்விக்கு வருவோம். பிரேக்கை எங்கே மாட்டுவது?

பழைய கறுப்பு வண்டியில் இருப்பது கம்பி பிரேக். கைப்பிடியை அழுத்தினால் இரும்புக் கம்பிகள் ஒன்றையொன்று இழுத்து, கடைசியில் சக்கரத்தில் இருக்கும் பிரேக் கட்டைகளை மேலே தூக்குகின்றன. அந்த நெம்புகோல் கைப்பிடியிலேயே பொருத்தப்பட்டது. அதைத் தாங்கும் காதுகள் கைப்பிடியோடு பற்றவைக்கப்பட்டவை. கைப்பிடியும் கழுத்துத் தண்டும்கூட ஒரே துண்டுதான். ஆகவே கைப்பிடியைக் கழற்றினால் இரண்டு பிரேக்கும் அதோடு போய்விடும்!

"போனால் போகட்டும், ஒயர் பிரேக் போட்டுக்கொள்வோம்" என்பான் பையன். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஒயர் பிரேக் ரிம்மின் இரண்டு பக்கத்தையும் இடுக்கிபோல் கவ்விப் பிடிக்கும். அதற்கு ரிம்மின் பக்கவாட்டு தட்டையாக இருக்க வேண்டும். கம்பி பிரேக் வண்டியின் ரிம் அப்படி இராது. அதன் பக்கவாட்டு உருண்டையாக இருக்கும். அச்சை நோக்கிய உள்பக்கத்தில்தான் கட்டை உரசுவதற்கான பாதை. உருண்டைப் பக்கத்தில் ஒயர் பிரேக்கின் கட்டையை வைத்தால் ஒரு கோடளவுதான் படும். நிறுத்திவைத்துப் பிடித்துப் பார்த்தால் பிரேக் பிடிப்பதுபோல்தான் தோன்றும். இறக்கத்தில் தெரியும் சேதி!

மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் சைக்கிள் ஒரு நொடியில் சுமார் 23 அடி போகிறது. முன்னால் பஸ் நிற்கிறது என்று கண் பார்த்து, கை அழுத்துவதற்குள்ளேயே ஒரு நொடி போய்விடும். அதன்பிறகு பிடிக்காத பிரேக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? செருப்புக் காலை டயரில் வைத்துத் தேய்க்க வேண்டியதுதான். மழை பெய்துவிட்டால் இன்னும் மோசம். முலாம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் எந்தக் கட்டையும் வழுக்கும். பெங்களூர் மழையோ சாயங்காலம், ஆபீஸ் விடுகிற நேரம் பார்த்து வருகிற மழை.

சில பையன்கள் இன்னும் ஒரு படி மேலே போய், "வெளிநாட்டில் பிரேக்கே இல்லாமல் ஓட்டுகிறார்களே" என்கிறார்கள். ஓட்டுகிறார்கள், உண்மை. ஆனால் அந்த வண்டியில் பிரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். காலை விறைத்துப் பெடலைத் தடுத்தால் சக்கரமும் தடுமாறி மெதுவாகும். கால்தான் அங்கே பிரேக். நம் வண்டியில் பிரீவீல் இருக்கிறது. மிதிப்பதை நிறுத்தினால் அது "கிர்ர்ர்" என்று ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒற்றைப் பல்சக்கர வண்டிதான். ஆனால் ஒன்றின் வழக்கம் மற்றதுக்கு எமன்.

சரியான வழி என்ன? கம்பி பிரேக் வண்டியில் நேர் கைப்பிடி வேண்டுமானால் ரிம்மையும் மாற்ற வேண்டும். கம்பிகளைக் கோத்து, கோட்டம் எடுத்து, நீளக் கால் உள்ள ஒயர் பிரேக் தேடிப் பிடிக்க வேண்டும். இப்போதைய ரேஸ் ரகச் சக்கரம் பழைய 28 அங்குலச் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறியது. அதன் ரிம் பழையதைவிட ஆறரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளி நிற்கும். பிரேக் கட்டை அங்கே எட்டுமா என்று அளந்து பார்க்காமல் வாங்கக் கூடாது. இந்தச் செலவையெல்லாம் கூட்டினால், ஒயர் பிரேக்கோடு வந்த லைட் ரோட்ஸ்டர் வண்டி ஒன்றைப் பழசாக வாங்கி அதில் கைப்பிடி மாற்றுவது லாபம். அதில் நேர் பார் போடுவது உண்மையிலேயே அரைமணி நேர வேலை. பழைய பிரேக் பிடிகளே புதுப் பாரில் அப்படியே ஏறும். இரண்டுக்கும் பிடி பக்கத்துக் கனம் ஒன்றுதான், முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல், 22.2 மில்லிமீட்டர்.

செம்மறிக்கடாவின் கொம்பைப்போல் கீழே வளைந்த ரேஸ் பார் அப்படியல்ல. அது 23.8 மில்லிமீட்டர். ஒன்றரை மில்லிமீட்டர்தானே என்று சுத்தியலால் அடித்து ஏற்றினால் பிடியின் வளையம் விரிசல் விடும். ரேஸ் பாருக்கு ரேஸ் பிரேக் பிடிதான் வேண்டும்.

செலவே இல்லாத வழியும் ஒன்று உண்டு. ஒயர் பிரேக் வண்டியில் பழைய வளைந்த கைப்பிடியையே தலைகீழாகத் திருப்பி மாட்டுவது! இங்கிலாந்தில் அந்தக் காலத்துத் தொழிலாளிப் பையன்கள் செய்த வேலை இது. பிடிகள் கீழே இறங்கும். ரேஸ் வண்டிபோல் குனிந்து ஓட்டலாம். பிடிக்காவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருப்பிக்கொள்ளலாம்.

உலகத்தையே ஓட்டிய கைப்பிடி

கைப்பிடி என்ன பெரிய விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் உண்மைக் கதை.

ஒரு மணி நேரத்தில் ஒரு மனிதன் எவ்வளவு தூரம் சைக்கிள் ஓட்ட முடியும்? சைக்கிள் உலகத்தில் இதைவிடப் பெரிய சாதனைக் கணக்கு கிடையாது. 1984-ம் ஆண்டு ஜனவரியில் இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசர் மெக்சிகோ நகரில் 51.151 கிலோமீட்டர் ஓட்டினார். மாட்டுக்கொம்புபோல் முன்னே நீண்ட கைப்பிடி, விசேஷச் சக்கரங்கள் என்று ஏகப்பட்ட ஏற்பாடு. 9 ஆண்டுகள் அதை யாரும் அசைக்க முடியவில்லை.

ஸ்காட்லாந்தில் கிரேம் ஓப்ரி என்று ஒருவர். கையில் பணமில்லை. அவர் தன் சைக்கிளைத் தானே பற்றவைத்துச் செய்தார். பெடல் அச்சுக்குத் துணி துவைக்கும் மெஷினிலிருந்து எடுத்த பேரிங்கைப் போட்டார்! ஆனால் அவர் செய்த பெரிய காரியம் கைப்பிடியில்தான். அதை மார்புக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார். கைகளை மடக்கி நெஞ்சுக்கு அடியில் ஒடுக்கிக்கொண்டு, பறவை இறக்கையை மடக்கியதுபோல் உட்கார்ந்தார். காற்று மோதக் கைகளே வெளியில் இல்லை.

1993 ஜூலை 16-ந் தேதி நார்வே நாட்டின் ஹாமர் நகரில் முயன்றார், தோற்றார். எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, மறுநாள் காலையே மீண்டும் ஓட்டுவேன் என்றார். ஓட்டினார். 51.596 கிலோமீட்டர்! ஒற்றைப் பல்சக்கரம், வீட்டில் செய்த வண்டி, கைப்பிடி மாற்றிய மூளை. ஆறே நாளில் கிறிஸ் போர்டுமன் அதை முறியடித்தார் என்பது வேறு. மறு ஆண்டு உலகச் சைக்கிள் சங்கம் அந்தக் கைப்பிடி உட்காரும் முறையையே தடை செய்துவிட்டது.

அதற்கு முன்பே, 1989-ல் பிரான்ஸ் நாட்டு நெடும் பந்தயத்தின் கடைசி நாளில் அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட் 50 வினாடி பின்தங்கியிருந்தார். முழங்கைகளை ஊன்றிக் கைகளை முன்னே நீட்டும் புதுவகைக் கைப்பிடியோடு 24 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம் ஓட்டி, மொத்தத்தில் 8 வினாடி வித்தியாசத்தில் வென்றார். 3 ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பந்தயத்தில் 8 வினாடி!

ஆனால் இதெல்லாம் வேகமாகப் போகிறவர்கள் விவகாரம். மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேலே போனால்தான் காற்று பெரிய எதிரி. நம்மவர்கள் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் அந்த வேகத்தில் போக டிராபிக் விட்டால்தானே! 2020-ல் வெளிவட்டச் சாலையில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை பிரித்துக் கொடுத்தார்கள். அதுவும் நிலைக்கவில்லை. இரவு 11 மணிக்குமேல் பிளாஸ்க்கைக் கட்டிக்கொண்டு டீ விற்கப் போகிற தோழரைக் கேட்டுப் பாருங்கள். நேர் பார் வேண்டுமா என்றால் சிரிப்பார். பை மாட்ட, கப் அடுக்க, மெதுவாக ஊர்ந்துபோக அவருக்கு வளைந்த கொம்புதான் தொழில் கருவி.

ஸ்பேனரை எடுக்கும் முன்

மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கழுத்துத் தண்டின் உச்சியில் இருக்கும் போல்ட்டை முழுக்கக் கழற்ற வேண்டாம். இரண்டு மூன்று சுற்று தளர்த்தி, மேலே ஒரு மரக்கட்டையை வைத்துத் தட்டினால் உள்ளே இறுகியிருக்கும் ஆப்பு இறங்கிவிடும். கைப்பிடி கையோடு வரும். போர்க்கைப் பிடித்திருப்பது வேறு நட்டு. அதனால் பால்ரஸ் கொட்டிவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஆண்டுக்கணக்கில் கழற்றாத வண்டியில் துரு பிடித்து வர மறுக்கும். எண்ணெய் விட்டு ஒரு இரவு விட்டுவிடுங்கள். புதுத் தண்டை மாட்டும்போது கிரீஸ் தடவுங்கள். அடுத்த முறை கழற்றுகிறவர் வாழ்த்துவார்.

தண்டு குறைந்தது இரண்டரை அங்குலம் உள்ளே இருக்க வேண்டும். உயரம் வேண்டும் என்று மேலே மேலே தூக்கிவைத்து, குழியில் விழுந்தபோது கைப்பிடி மட்டும் கையில் வந்துவிட்ட ஆட்கள் உண்டு. மாட்டி முடித்ததும் முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, கைப்பிடியைத் திருகிப் பாருங்கள். அசையக் கூடாது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ஒயர் இழுபடக் கூடாது. பிரேக் தானாகப் பிடிக்கக் கூடாது.

சிட்டி மார்க்கெட் பக்கத்து ஞாயிறு சந்தையிலும் குஜிரிக் கடைகளிலும் பழைய பார் மலிவாகக் கிடைக்கும். இரும்புப் பாராக இருந்தால் வாங்கலாம். இரும்பு உடைவதற்கு முன் வளைந்து காட்டும். அலுமினியம் அப்படியல்ல. உள்ளே களைத்துப்போய், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும். ஏற்கெனவே விழுந்து எழுந்த அலுமினியப் பார் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம்.

பிடி ரப்பர் கிழிந்துபோய்க் குழாய் முனை திறந்து கிடக்கும் வண்டியைக் குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள். குரங்கு பெடல் அடிக்கும் பிள்ளை விழும்போது கைப்பிடியின் முனை வயிற்றில் குத்தினால், வெளியே சிறு வட்டக் காயம்தான் தெரியும். உள்ளே ஈரலோ மண்ணீரலோ கிழிந்திருக்கலாம். இப்படி விழுந்த பிள்ளைக்கு வயிறு வலி என்றால் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஒரு ஜோடி ரப்பரின் விலை ஒன்றும் பெரிதில்லை.

அகலம் தோளளவு இருந்தால் போதும். இப்போது கடையில் விற்கும் மலைச் சைக்கிள் பார்கள் தோளைவிட அகலம். ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் இடையில் நுழையும்போது முனை இடிக்கும். நீளம் அதிகமானால் இரண்டு பக்கமும் சமமாக அறுத்துக்கொள்ளலாம். ஒரேயடியாக அறுத்துவிடாமல், அரை அங்குலம் அரை அங்குலமாக அறுத்து ஓட்டிப் பாருங்கள். அறுத்ததை ஒட்ட முடியாது.

சரி, கடை வாசலில் நின்ற பையன் என்ன ஆனான்?

கம்பி பிரேக்கின் சங்கதியை மெக்கானிக் விளக்கியதும் இத்தகைய பையன்களில் பலர் வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். சிலர் பிரேக் கட்டையை மட்டும் புதிதாகப் போட்டுக்கொண்டு, செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு போகிறார்கள். விடாப்பிடிக்காரர்கள் ரிம்மோடு மாற்றுகிறார்கள். மாற்றியவர்களிடம் அனுபவப்பட்ட மெக்கானிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"பழைய கொம்பை என்ன பண்ணப் போறே?"

"எடைக்குப் போட்டுடுங்கண்ணே."

"போடாதே. பேப்பர்லே சுத்திப் பரண்மேலே போட்டு வை. உங்கப்பா என்னிக்காவது சந்தைக்குப் போக வண்டி கேட்பாரு."